அன்பும் ஐயமும்

கீரிப்பிள்ளையின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, தான் வளர்த்த கீரியைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சென்றாள் தாய் ஒருத்தி. அவள் திரும்பி வந்தபோது கீரி வாயெல்லாம் குருதியாக வாயிற்படியில் நின்றது. பிள்ளையைக் கடித்துவிட்டது எனக் கருதி, இடுப்பிலிருந்த குடத்தை அதன்மேல் போட்டாள். உள்ளே சென்று பார்த்தாள். பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது, தொட்டிலின் அடியில் பாம்பொன்று துண்டுபட்டுக் கிடந்தது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இக்கதை சுட்டப்படுகின்றது. கீரியைக் கொன்ற பழியால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குக் கோவலன் உதவினான் என்பது, அங்கே அவனுடைய பெருந்தகைமைக்குச் சான்றாக வருகின்றது.

வகுப்பறைகளில் இக்கதை, பதற்றம் கூடாது என்னும் பாடத்தோடு முடிந்துவிடுகின்றது. ஆயினும் மாணவரிடம் மேலும் ஒரு வினாவைக் கேட்கலாம். அத்தாயின் குற்றம் யாது? ஐயுற்றது குற்றமா? தனித்து விடப்பட்ட குழந்தையின் அருகே காவலிருந்த விலங்கின் வாயில் குருதியைக் கண்டும் ஐயுறாத ஒருத்தியைத் தாய் என்று சொல்ல நாக்கூசும். அவளுடைய ஐயம் தாய்மையிலிருந்தே பிறந்தது. குற்றம் வேறிடத்தில் இருக்கின்றது. ஐயம் தோன்றியதற்கும் குடம் விழுந்ததற்கும் இடையே, தொட்டிலை எட்டிப் பார்க்கும் நேரம் ஒன்று இருந்தது. அந்நேரத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் வளரும் நாய், பூனை, கிளி, ஆமை முதலியவற்றிடமிருந்து மனிதர்க்குப் பரவும் நோய்களைக் கண்காணிப்பது பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் அவற்றின் உடலில் வளர்கின்றனவா என்று ஆராய்வதும் அதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. மருத்துவர்கள் இதனை ஆய்வுக்கூடப் பணியாகக் காண்கின்றனர். அரசுகள் இதனை நிருவாகப் பணியாகக் காண்கின்றன. ஆயின், இதன் அடியில் கிடப்பது அத்தாயின் வாயிற்படியில் எழுந்த அறவினாவே ஆகும்.

மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குகளோடு தொடர்புடையவை என்பர். அவற்றுட் பெரும்பாலானவை காட்டு விலங்குகளையும் பண்ணை விலங்குகளையும் பற்றியவை. எனினும் வீட்டு விலங்குகளின் பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று. நாயின் கடியால் வெறிநோய் வருகின்றது. மலேசியாவில் எலிச் சிறுநீர் நோய் என்று பலரும் அறிந்துள்ள லெப்டோஸ்பைரோசிஸ், நாயின் சிறுநீராலும் பரவக்கூடியது. கிளி இனப் பறவைகளிடமிருந்து காய்ச்சலோடு கூடிய நுரையீரல் நோய் ஒன்று தொற்றுகின்றது. சிறுவர் விளையாடுவதற்கென்று விற்கப்பட்ட சின்னஞ்சிறு ஆமைகள் சால்மொனெல்லா என்னும் வயிற்றுநோய்க் கிருமியைப் பரப்பியதால், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-ஆம் ஆண்டில் தடை செய்தது.

முன்னாளில் நாய்க்கு இடம் முற்றம். பூனைக்கு இடம் அடுக்களை மூலை. தோட்டப்புற லயங்களில் நாய்கள் எவருக்கும் தனியுடைமையாக இல்லாமல், எல்லாருடைய மிச்சத்தையும் உண்டு, எல்லாருடைய வாயிலிலும் படுத்தன. இன்று அடுக்குமாடி வீட்டில் அவை மெத்தைமேல் உறங்குகின்றன. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட முதியோர்க்கு அவையே பேச்சுத்துணை. உறவு நெருங்கிய அளவிற்கு மூச்சும் எச்சிலும் நெருங்கிவிட்டன.

இந்நிலையில், அன்புகொண்ட உயிரை நோய்க்கூடாகப் பார்ப்பது முறையா என்று கேட்போர் உளர். பெற்ற பிள்ளையை எவரும் கிருமி தாங்கியாக எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்த்த பிள்ளையை மட்டும் அவ்வாறு எண்ணலாமா என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் ஒரு நேர்மை இருக்கின்றது. ஆயினும் பெற்ற பிள்ளைக்கு அம்மை கண்டால், வேப்பிலை செருகி அயலாரை வரவேண்டாமென்று சொன்ன வழக்கம் தமிழர் இல்லங்களில் இருந்தது. அவ்வழக்கம் பிள்ளையை வெறுத்ததால் எழுந்ததன்று. அன்பு இருவருக்கிடையே நிகழ்வது. நோயோ மூன்றாமவரையும் இழுத்து வருவது. பக்கத்து வீட்டுச் சூலிக்கும், மாடிப்படியில் விளையாடும் குழந்தைக்கும், சிறுநீரகம் பழுதுபட்ட முதியவர்க்கும் அந்த நாயின் அன்பில் பங்கில்லை. அதன் நோயில் மட்டும் பங்குண்டு. அன்பின் பயனைத் தனியே துய்ப்பவர், அதன் இடரைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது நீதியாகாது.

இதனை விளக்க வெறிநோயே போதுமானது. இந்நோய் மலேசியர்க்குப் புதியதன்று. தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டுதோறும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, ஒரு காப்பு வேலியையே நாடு பல்லாண்டுகள் பேணி வந்தது. சிங்கப்பூரில் 1953-ஆம் ஆண்டுக்குப் பின் இந்நோய் இல்லை. மலேசியா 2012-ஆம் ஆண்டில் வெறிநோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2015-இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் செரியான் பகுதியில் வெடித்தபோது முதலில் மாண்டவர்கள் சிறுவர்கள். அதன்பின் அம்மாநிலத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்துள்ளனர். தெரு நாய் கடித்தவர் மட்டுமன்றி, வீட்டில் வளர்ந்த நாயும் பூனையும் கடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

வீட்டு விலங்கைக் கண்காணிப்பதன் மிகப் பழைய வடிவம் இந்நோயை ஒட்டித்தான் உருவாயிற்று. அதுவே பத்து நாள் காவல். வெறிநோய்க் கிருமி நாயின் மூளையை அடைந்து, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கிய பின்னரே கடியின் வழியாகப் பரவ முடியும். அந்நிலையை எட்டிய நாய் சில நாள்களுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். ஆகவே, கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக உண்டு உறங்கித் திரியுமாயின், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று துணியலாம். நாயை உடனே அடித்துக் கொன்றவர் இந்தச் சான்றை இழக்கின்றார். பின்னர் உண்மையை அறிய மூளையைத்தான் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். புதைத்துவிட்டால் அதுவும் இல்லை. தொட்டிலை எட்டிப் பார்ப்பது என்பது இங்கே பத்து நாள் பொறுத்திருந்து பார்ப்பதாகின்றது. நோயுள்ள வட்டாரத்தில் கடிபட்டவர் அப்பத்து நாள் முடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கால்மணி நேரம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் மருத்துவத்தால் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

நான்காம் ஆண்டில் பயிலும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் வளர்க்கும் நாய் சோற்றுத் தட்டை எடுக்கும்போது அவன் கையைக் கடித்துவிட்டது. ஆழமான கடியன்று; இரண்டு பற்குறிகள். முன் ஆண்டில் அதே வீதியில் ஒரு நாயைப் பிடித்து வண்டியில் ஏற்றிச் சென்றதை அவன் கண்டிருக்கின்றான். அந்த நாய் திரும்பி வரவில்லை. தாய் கையைப் பார்த்துக் கேட்கின்றாள்.

"வேலிக் கம்பி கிழித்துவிட்டதம்மா" என்கின்றான்.

பள்ளியில் ஆசிரியர் கேட்கும்போதும் அதே விடை. நாயின் உயிரைக் காக்கப் பொய் சொன்ன இச்சிறுவனை எந்த ஆசிரியர் எளிதில் கடிந்துகொள்ள முடியும்? பொய்யாமையும் கொல்லாமையும் அறமென்று அவனுக்குக் கற்பித்தது பள்ளிக்கூடமே. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் அவன் கொல்லாமையைத் தேர்ந்துகொண்டான். அவன் தேர்வில் ஒரு பிழைதான் உண்டு. இடரில் இருக்கும் உயிர்களுள் தன் உயிரும் ஒன்று என்பதை அவன் அறியவில்லை. நாய் நோயுற்றதாயின் அவன் பொய் அதனைக் காப்பாற்றப் போவதுமில்லை.

ஆனால் அச்சிறுவனைப் பொய் சொல்ல வைத்தது யார்? இவ்வினாவிற்கு விடை தேடும்போது வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டியுள்ளது. 2015-இல் பினாங்கில் தெரு நாய்களைக் கொல்லும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டபோது, விலங்கு நலம் பேணுவோர் கடுமையாக எதிர்த்தனர். நாய்களைக் கொன்று குவிப்பதால் வெறிநோய் அடங்காது என்பதும், நாய்களுள் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி போட்டால் அடங்கும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் கருத்துகள். கொல்லப்பட்ட நாயின் இடத்தில் தடுப்பூசி போடாத புதிய நாய் வந்து சேர்கின்றது. வளர்ப்போரோ தம் நாயை மறைத்துவைக்கின்றனர். மக்களின் உயிருக்கு விடை சொல்லவேண்டியவர்கள் அச்சத்தில் கைக்கொண்ட வழி அது என்று கொள்ளலாம். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. அத்தாயின் அச்சமும் புரிந்துகொள்ளத்தக்கதாகவே இருந்தது.

இதனினும் கூர்மையான நிகழ்ச்சி 2022-ஆம் ஆண்டு சனவரியில் ஹாங்காங்கில் நடந்தது. செல்லப் பிராணிக் கடை ஒன்றின் ஊழியர்க்குக் கோவிட் நோய் கண்டது. கடையைச் சேர்ந்த வெள்ளெலி போன்ற சிறு பிராணிகளான ஹாம்ஸ்டர்களைச் சோதித்தபோது 11-இல் கிருமி இருந்தது. உடனே ஏறத்தாழ 2,000 சிறு பிராணிகளைக் கொல்ல ஆணையிடப்பட்டது. 2021 திசம்பர் 22-க்குப் பின் எந்தக் கடையிலும் ஹாம்ஸ்டர் வாங்கியவர்கள் அதனைக் கொணர்ந்து ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பிள்ளைகளுக்காக வாங்கிக் கொடுத்த உயிரைச் சாவுக்கு ஒப்படைக்கப் பெற்றோர் வரிசையில் நின்றனர். வேறு சிலர், ஒப்படைக்க வருவோரைத் தடுத்து, அப்பிராணிகளைத் தாம் வாங்கி வளர்க்க முன்வந்தனர்.

இதில் அதிகாரிகளின் ஐயம் பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாம்ஸ்டரிடமிருந்து மனிதர்க்கு அந்நோய் தாவியதைப் பின்னர் ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்தினர். வாயிற்படியில் கண்ட குருதி இம்முறை உண்மையிலேயே பிள்ளையின் குருதி. அப்படியானால் குடத்தைப் போட்டது சரிதானா? நோய் கண்ட கடையின் பிராணிகளைப் பொறுத்தமட்டில் ஒருவாறு சரி என்று வாதிடலாம். வீட்டில் சோதித்துத் தனியே வைத்துப் பார்த்திருக்கக்கூடிய ஒற்றை ஹாம்ஸ்டரைப் பொறுத்தமட்டில் அவ்வாறு சொல்ல மனம் ஒப்பவில்லை. நோயுற்ற மனிதரை இரண்டு வாரம் அறைக்குள் அடைத்துவைத்த அதே நகரம், கையளவுக் கூண்டில் வாழும் உயிருக்கு அந்த இரண்டு வாரத்தைத் தரவில்லை. அடுத்த முறை ஒரு வீட்டுப் பிராணி நோயுற்றால் அந்நகரத்துச் சிறுவர்கள் எவரிடமாவது சொல்வார்களா என்பதும் எண்ணத்தக்கது.

மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்குகின்றது. கன்றை இழந்த பசு அதனை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட செய்கையே இக்கதையில் பெரிதும் பேசப்படுகின்றது. மணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்த மணி பயன்பட்டதற்குக் காரணம், அசைத்தவர்க்குத் தீங்கு வராது என்னும் உறுதி. அசைத்தவரையே முதலில் தண்டிக்கும் நாட்டில், மணி துருப்பிடித்துத் தொங்கும்; அரசன் அமைதியாக உறங்குவான்; நாட்டில் குறையேதும் இல்லை என்றும் நம்புவான். நோய்க் கண்காணிப்பும் அத்தகைய மணிதான். வீட்டார் சொன்னாலன்றி, வீட்டுக்குள் வாழும் விலங்கின் நோய் வெளியே தெரியப்போவதில்லை.

அறிவு பெருகப் பெருக விலங்குக்கு இரக்கமும் பெருகக் காண்கின்றோம். பூனையின் மலத்தால் பரவும் டோக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. இதனை அரைகுறையாகக் கேள்விப்பட்ட குடும்பங்கள், மருமகள் கருவுற்ற செய்தி வந்தவுடன் பூனையைக் கூடையில் வைத்துச் சந்தையில் விட்டுவிடுவதுண்டு. முழுமையாக அறிந்தவர் அவ்வாறு செய்யார். பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம் வரையில்தான் இவ்வொட்டுண்ணியின் முட்டைகளை வெளியேற்றுகின்றது. அம்முட்டைகள் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். வீட்டிலுள்ள வேறொருவர் நாள்தோறும் மணல் தட்டைத் துப்புரவு செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடாமல் இருந்தால் இடர் மிகமிகக் குறைந்துவிடுகின்றது. எட்டிப் பார்த்தவளுக்குப் பிள்ளையும் மிஞ்சுகின்றது, கீரியும் மிஞ்சுகின்றது.

இதுவரை கூறியவை, நோய் என்று பெயர் சொல்லத்தக்கவை. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களின் செய்தி வேறு. அங்கே நாய் நலமாகவே இருக்கும். அதன் தோலிலும் குடலிலும் தங்கியிருக்கும் நுண்ணுயிர், ஒருநாள் வீட்டிலுள்ள முதியவரின் அறுவைப் புண்ணில் சென்று சேரும்போதுதான் மருத்துவர் கொடுக்கும் மருந்து தோற்பது தெரியவரும். பத்து நாள் காவலில் பிடிபடக்கூடியதன்று இது.

பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டைப் புண் கண்ட அவர் தாமே பென்சிலினை வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கின்றார். கிருமிகள் சாகாமல், மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அவரிடமிருந்து மனைவிக்கு நோய் தொற்றுகின்றது. பென்சிலின் கொடுத்தும் அவ்வம்மையார் இறந்துபோகின்றார். அச்சாவுக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் கேட்டார். கணவரின் கவனக்குறைவே என்றும் விடை சொன்னார். தவறு செய்தவர் பிழைத்துக்கொள்கின்றார்; தவறு செய்யாதவர் இறக்கின்றார். இக்கேட்டின் அறமுகம் முழுவதும் அச்சிறு கதையில் அடங்கியுள்ளது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களே நேர்க்காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022-இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று கணக்கிட்டது.

இதில் வீட்டு விலங்கின் பங்கு யாது? நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பல மனிதர்க்கும் கொடுக்கப்படுபவையே. பெயர் வேறாக இருப்பவையும் உறவுடையவை. விலங்குகளுக்கென்றே செய்யப்பட்ட என்ரோஃப்ளோக்சசின் என்னும் மருந்து, அவற்றின் உடலில் ஓரளவு சிப்ரோஃப்ளோக்சசினாக மாறுகின்றது. அதுவோ மனித மருத்துவத்தில் பெரிதும் வேண்டப்படும் மருந்து. நுண்ணுயிர்களும் தாம் கற்ற எதிர்ப்பாற்றலைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் வல்லமை உடையவை. ஒரே மெத்தையில் உறங்குவோரின் நுண்ணுயிர்கள், நாளடைவில் ஒரே குடும்பமாகிவிடுகின்றன.

அமெரிக்காவில் 2016-க்கும் 2018-க்கும் இடையே 18 மாநிலங்களில் 118 பேர் ஒருவகை வயிற்றுப்போக்கு நோயால் வருந்தினர். காரணம் கேம்பைலோபாக்டர் என்னும் கிருமி. அது வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகளுக்கு அடங்கவில்லை. தேடிப் பார்த்தபோது, கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகளே ஊற்று என்று தெரிந்தது. விவரம் கிடைத்த 149 குட்டிகளுள் 95 விழுக்காட்டிற்கு விற்பனைக்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றுட் பாதிக்கு மேல் எந்த நோயும் இல்லாமலே, வரக்கூடும் என்னும் அச்சத்தில், மருந்துண்டவை. கண்ணாடிப் பெட்டிக்குள் துள்ளி விளையாடி, வாங்க வருவோரின் உள்ளத்தைக் கவரவேண்டும் என்பதற்காக அவற்றிற்கு ஊட்டப்பட்ட மருந்து அது. குட்டிகள் ஒரு பிழையும் செய்யவில்லை.

விலங்கே ஊற்று என்று எப்போதும் முடிவு கட்டிவிடவும் இயலாது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பெயர்பெற்ற மருத்துவமனைக் கிருமி நாய் பூனைகளிடம் காணப்பட்டபோது, பல இடங்களில் அது மனிதரிடமிருந்தே அவற்றுக்குச் சென்றிருப்பது தெரிந்தது. 2020-இன் தொடக்கத்தில் ஹாங்காங்கில் கோவிட் கிருமி கண்டறியப்பட்ட நாயும், நோயுற்ற வீட்டாரிடமிருந்தே அதனைப் பெற்றது. கண்காணிக்கப்பட வேண்டியது விலங்கு மட்டும்தானா என்னும் வினா இங்கே எழுகின்றது. பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பூனைக்கு ஊட்டும் கையும் கண்காணிக்கத்தக்கதே.

பண்ணை விலங்குகளைப் பொறுத்தவரை இப்பணி பல நாடுகளில் ஒழுங்காக நடைபெறுகின்றது; அவற்றின் இறைச்சி சந்தைக்கு வருவதால் அரசுகளுக்கு அக்கறை உண்டு. வீட்டு விலங்குகளோ வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆயினும் சுவீடன் 2000-ஆம் ஆண்டு முதல் விலங்குகளின் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றலை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகின்றது. நாயும் பூனையும் அக்கணக்கில் இடம்பெறுகின்றன. பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகம், சிறுபிராணி மருத்துவர்களின் சங்கத்தோடு இணைந்து 2008-இல் சாவ்ஸ்நெட் என்னும் அமைப்பைத் தொடங்கிற்று. இதில் சேர்ந்த மருத்துவ நிலையங்களிலிருந்து, ஒவ்வொரு நாயும் பூனையும் என்ன குறையோடு வந்தன, என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்னும் குறிப்புகள் உடனுக்குடன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று சேர்கின்றன. 2020-இன் தொடக்கத்தில் நாடெங்கும் நாய்கள் வழக்கத்திற்கு மாறாக வாந்தியெடுப்பதை அவ்வமைப்பு கண்டு சொன்னது. நாய்க்குடலைத் தாக்கும் ஒரு கிருமியே காரணம் என்பதும் பின்னர் விளங்கிற்று.

அந்த ஏற்பாட்டில் ஒரு சிறு விதி பாராட்டத்தக்கது. தம் விலங்கின் குறிப்பைத் தர விரும்பாதவர் மறுத்துவிடலாம். மறுத்தவர்க்கு மருத்துவம் மறுக்கப்படுவதில்லை. மறுக்கும் உரிமை இருக்கும்போதும் மிகப்பலர் மறுக்காமல் இருக்கின்றனர். குறிப்பைக் கொடுத்ததால் எவருடைய நாயும் பறிபோகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மணியை அசைக்க எவரும் அஞ்சுவதில்லை.

இனி, பேச விரும்பாத ஒன்றையும் பேச வேண்டும். அது பணம். நாயின் காதில் சீழ் வடிகின்றது. எந்த நுண்ணுயிர், எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, சீழை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாள்களும் தனிக் கட்டணமும் ஆகும். "அதெல்லாம் வேண்டாம் டாக்டர், நல்ல மருந்தாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று உரிமையாளர் சொல்கின்றார். மருத்துவரும் ஒன்றைக் குறிபார்த்துக் கொடுத்தனுப்புகின்றார். அவரையோ இவரையோ குறை சொல்லிப் பயனில்லை. அச்சோதனையால் கிடைக்கும் அறிவு நாட்டார் அனைவர்க்கும் உரியது. அதன் செலவு மட்டும் அந்த ஒருவருக்குரியது. வெறிநோய் வந்தபோது சரவாக்கில் அரசே ஊர் ஊராகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போட்டது. அங்கே ஒருவருடைய நாய் அனைவருடைய பொறுப்பாயிற்று. காதுச் சீழுக்கு அந்தப் பெருந்தன்மை எட்டவில்லை.

மலேசியாவில் பூனைகளிடையே ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்னும் பூஞ்சை நோய் பரவலாக உண்டு. மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண்கள் தோன்றும். பூனை கீறினால் மனிதர்க்கும் அதே புண் வரும். மருத்துவம் உண்டு, ஆனால் மாதக்கணக்கில் நாள்தோறும் மருந்து புகட்ட வேண்டும், புண் ஆறிய பின்னும் ஒரு மாதமாவது தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும். மருந்துக்கு எளிதில் பணியாத வகைகளும் காணப்படுகின்றன. இதே இனத்து நோய் பிரேசிலின் ரியோ நகரில் 1990-களின் இறுதியில் தொடங்கி ஆயிரக்கணக்கான பூனைகளையும் மனிதரையும் பற்றியது. செலவுக்கும் தொற்றுக்கும் அஞ்சித் தெருவில் விடப்பட்ட பூனைகள் அங்கே நோயை வீதி வீதியாகக் கொண்டு சென்றன.

ஓய்வூதியத்தில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர், மூக்கில் புண்ணோடு தம் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு மருத்துவ நிலையத்திலிருந்து வெளியே வருகின்றார். புறங்கையில் அவருக்கும் ஒரு சிறு புண் இருக்கின்றது. மருத்துவர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டார்; ஐந்து மாத மருந்தின் விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். சாலைக்கு அப்பால் மீன் சந்தை தெரிகின்றது. அங்கே விட்டுச் சென்றால் பூனை பட்டினி கிடக்காது என்று அவருக்குத் தெரியும். கூடையின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, சீட்டில் எழுதியுள்ள தொகையை மறுபடியும் படித்துப் பார்க்கின்றார்.